நான்கு உபயப் பெட்டிகள்

வாசு மேல் ஸ்தாயியில் வாயைத் திறந்த நேரத்தில்தான் ஆம்பிளிஃபையர் உயிரை விட்டது. அவருக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடிக்கொண்டேயிருந்தார். நவராத்திரிக்குக் கோயிலுக்கு வந்திருந்த கூட்டத்துக்கோ, வெளியே போர்ட் கிள்ளானுக்குப் போகும் லோரிகளின் பாட்டு மட்டும் சுதி பிசகாமல் கேட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பக்கத்து ஊரான காப்பார் வரைக்கும் போயிருக்கும். ஓடிப்போய் ஆம்பிளிஃபையர் மேல் கையை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. மாவு கையில் இருந்திருந்தால் கூட்டம் முழுமைக்கும் ரொட்டி சானாய் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

வாசுவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர், வெட்கத்தை அவர் தராசில் வைத்ததே கிடையாது. மறுநாள் அதே மைக்கின் முன் உட்காரப் போகிறவள் என் மனைவி லோகேஸ்வரி.

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் குரல் நூலாக இளைத்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அவள் சமையலறையில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால், துறைமுகத்தில் கிரேன் உச்சியில் இருக்கும் நான் கையைக் கழுவிவிடுவேன். இதில் பாதியாவது உண்மை. குரல் நரம்பு தேறிவிட்டது, இனிப் பாடலாம் என்று டாக்டர் சொல்லியும், குளியலறையில்கூட அவள் முணுமுணுத்ததில்லை. இந்த ஆண்டுதான், என் நச்சரிப்பு தாங்காமலோ அம்மன் மேல் பரிதாபப்பட்டோ, ஒரே ஒரு பாட்டு என்று சம்மதித்திருந்தாள். ஆம்பிளிஃபையர் போன அன்று வீடு திரும்பும்போது காரில் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கும் இப்படிப் பாதியில போச்சுன்னா, இனிமே என்னைப் பாடச் சொல்லாதீங்க. வீட்டுலயும் கேக்காதீங்க."

வீட்டு வாசலில் இறங்கியதுமே போனை எடுத்தேன்.

மறுநாள் மதியம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரமணியை வரவழைத்தேன். என் கிரேன் கூட்டாளியின் மகள். கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைப்பவள். வாயும் வேகம், கையும் வேகம். ஆம்பிளிஃபையரின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தவள், அங்கே கொத்தாக முறுக்கியிருந்த வயர்களைப் பிடித்துத் தூக்கினாள்.

"யாரு அங்கிள் இந்த வேலை பார்த்தது?"

"கமிட்டி," என்றேன். கமிட்டி என்றால் நான்தான். மற்றவர்கள் டார்ச் பிடித்தார்கள்.

"ஸ்பீக்கர் பெட்டி நாலும் எட்டு எட்டு ஓம், கரண்டத் தடுக்கிற அளவு அது. நாலையும் ஒரே முனையில மாட்டினா மொத்தமே ரெண்டு ஓம் ஆயிடும். இந்த ஆம்ப் நாலுக்குக் கீழ தாங்காது லா. பின்னாடி எழுதியே இருக்கு."

"பெட்டி கூடினா ஓமும் கூடணும்தானேம்மா?"

"ஒரு டேங்கில நாலு பைப்ப ஒண்ணா தொறந்தா தண்ணி எப்படிப் போகும்? அந்த மாதிரிதான். நாலு பக்கமும் ஊத்தி ஊத்திச் சூடாகி, எரிஞ்சு போயிடாம இருக்க ஆம்ப் தானாவே நின்னுக்குது. ரெண்டு பெட்டியக் கழட்டுங்க, சரியாயிடும்."

கமிட்டியில் இருக்கும் சபாபதியும் திருச்செல்வமும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

எங்கள் கோயிலில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று குடும்பங்களின் பெயர். சுற்றும்வரை சமாதானம், நின்றால் யார் பெயர் வாசலைப் பார்க்கிறது என்று விசாரணை. ஸ்பீக்கர் பெட்டிகளும் அப்படித்தான். சின்னப் பெட்டி இரண்டில் ஒன்று மகளிர் குழு உபயம், மற்றது என் உபயம். பெரிய பெட்டி இரண்டும் சபாபதியும் திருச்செல்வமும் கொடுத்தவை. கோயில் மணியில் யார் பெயர் மேலே வருவது என்ற தகராறுக்குப் பிறகு இந்த இரண்டு பேரும் பூசாரி மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் கிள்ளானில் ஒரே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெருசு இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்து, இரண்டு பேருக்கும் ஒரே மாடலை விற்றுவிட்டான் அந்தக் கடைக்கார மகராசன்.

"என் பெட்டியக் கழட்டிடு," என்றேன்.

"மூணு இருந்தாலும் நாலு ஓமுக்குக் கீழதான் வரும் அங்கிள். இன்னொண்ணும் கழட்டணும்."

மகளிர் குழுவின் பெட்டியைத் தொடும் துணிச்சல் கிள்ளான் ஆற்று முதலைக்கும் கிடையாது. மிச்சம் இரண்டு.

"எங்கப்பா பேரு போட்ட பெட்டி," என்று சபாபதி சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஊமையா நிக்கிறதுக்கு வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடுவேன்."

"பேத்தி பொறந்ததுக்குக் குடுத்தது," என்று திருச்செல்வம் மின்விசிறியிடம் சொன்னார். "மத்தவங்க மொதல்ல கழட்டட்டும், அப்புறம் நான் யோசிக்கிறேன்."

மூலையில் பூக்கட்டிக்கொண்டிருந்த லோகேஸ்வரி நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சண்டை வேணாம். நான் பாடல, விடுங்க."

காற்று சற்றுப் பலமாக வீசியிருந்தால் அவள் குரல் காதில் விழுந்திருக்காது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. எனக்கு, கிரேனின் கம்பி அறுந்து நாற்பதடிக் கொள்கலன் ஒன்று நெஞ்சின் மேல் இறங்கியது போல இருந்தது. இதில் மிகை எதுவும் இல்லை.

"ஆன்டி, உக்காருங்க," என்றாள் ரமணி. "வேற வழி இருக்கு. பெரிய பெட்டி ரெண்டையும் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா கோத்துடறேன், பதினாறு ஓம். சின்னது ரெண்டையும் அதே மாதிரி. அப்புறம் ரெண்டு ஜோடியையும் ஆம்ப்ல மாட்டினா மொத்தம் எட்டு. யாரு பெட்டியும் கழட்ட வேணாம். சத்தம் கொஞ்சம் குறையும், பெட்டிய ஜனங்க பக்கத்துல தள்ளிக்கலாம்."

"பெருசோட சிறுசச் சேர்க்கலாமே," என்றார் சபாபதி அவசரமாக.

"சேர்த்தா ஒண்ணு கத்தும், ஒண்ணு முனகும். இது ரெண்டும் ஒரே மாடல், பொருத்தமான ஜோடி." கல்யாண மண்டபங்களிலேயே வளர்ந்த வாய் அல்லவா. "ஆனா ஒண்ணு, நடுவுல வயர் கழண்டா ரெண்டு பெட்டியும் ஊமைதான்."

"யாரு பெட்டி முதல்ல?"

கேட்டது இரண்டு பேரும். ஒரே மூச்சில்.

"கரண்டு போயிட்டுத் திரும்பி வருது அங்கிள். அதுல முதலும் இல்ல, கடைசியும் இல்ல."

லோகேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டத் தொடங்கினாள்.

மாலையில் கோயில் நிரம்பிவிட்டது. உலக மக்கள்தொகையில் பாதி அங்கேதான் இருந்தது. பெரிய பெட்டிகளைக் கூட்டத்தின் இரு பக்கமும் தள்ளி வைத்ததில், அவற்றை இணைக்கும் வயர் தரையில் குறுக்கே கிடந்தது. ரமணியின் டேப் பாதியில் தீர்ந்துபோனதால் நடுவில் ஒரு துண்டு வயர் ஒட்டாமல் புடைத்து நின்றது. பிள்ளைகளுக்குச் சுண்டல் பாத்திரத்துக்குப் போகும் வழியும் அதுதான்.

லோகேஸ்வரி மைக்கின் முன் உட்கார்ந்தாள். கால்களை மடித்துக்கொள்வதற்குள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஆம்பிளிஃபையரின் மேல் கையை வைத்துக்கொண்டு, பரவாயில்லை என்று தலையசைத்தேன். இளஞ்சூடுதான் இருந்தது, தூங்கும் பூனையின் முதுகு மாதிரி.

முதல் வரி வந்தது. பழைய குரல் இல்லை. அதன் தங்கை போல, மெலிந்து, ஓரத்தில் கொஞ்சம் கரகரத்து வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் சபாபதி வேட்டியை மடித்துக்கொண்டு அந்த வயரின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். இரண்டாவது வரி முடிவதற்குள் எதிர்ப்பக்கத்தில் திருச்செல்வமும் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுண்டல் தொன்னையோடு ஒரு சிறுமி ஓடி வந்தாள். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டு அவளைத் தூக்கி, வயருக்கு மேலாகக் கடத்தி அந்தப் பக்கம் இறக்கிவிட்டன.

பாட்டு மேலே ஏற வேண்டிய இடத்துக்கு வந்தது. லோகேஸ்வரி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு நான்கு பெட்டிகளிலும் கேட்டது.