பத்து மாதக் குறை

சட்டமந்திரியை உச்சநீதிமன்ற நீதிபதியாக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பத்து வருஷமாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கைப் பார்த்துச் சான்று எழுத வேண்டியவள் வழக்கறிஞர் மன்றத்துப் பதிவறை அம்மாள். பாவம், அந்த வேலை அவள் தலையிலா விழ வேண்டும்! மந்திரி வக்கீலாக இருந்த காலத்தில் அவருக்குக் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். இந்த உத்தியோகத்துக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான்.

பதிவேட்டைப் பிரித்து மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வருஷம், இரண்டு மாதம்.

மந்திரியாகிற வக்கீல் எவரும் தொழிலை நிறுத்திவைப்பதாக மன்றத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். விதியை எவன் மதித்தான்? மற்றவர்கள் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். கடிதம் வராதவரை ஏட்டில் அவர்கள் வக்கீல்தான். இவர் மட்டும் பதவியேற்ற அன்றே கொடுத்துத் தொலைத்தார். அதற்குப் பிறகு கோர்ட்டுப் பக்கமே திரும்பவில்லை.

மந்திரியின் உதவியாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பழைய கடுதாசிம்மா. கரையான் அரிச்சிருக்கும். தேடினோம், கிடைக்கலன்னு எழுதிடுங்க."

"என் கண்ணு முன்னாடி இருக்கே சார்."

"கண்ண மூடிக்குங்க."

"பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா?"

அவர் முறைத்துவிட்டுப் போனார். 'பத்து மாதம் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமே என்று நொந்துகொண்டாள்.

மத்தியானம் போன் அடித்தது. மந்திரியேதான்.

"எவ்வளவும்மா குறையுது?"

"பத்து மாசம் சார்."

"அன்னைக்கு அந்தக் கடுதாசியக் கொண்டுபோனது நீதானே? மறந்துபோய் மேசையில போட்டு வச்சிருக்கக் கூடாதா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும்தான்.

"மறந்துதான் சார் போனேன். வீட்டுக்குக் கிளம்பினவள வாசல்ல நிறுத்தி, 'நாளைக்குன்னு தள்ளிப்போட்டா நான் என்னம்மா வக்கீல்'னு திட்டி அனுப்பினது நீங்க."



"அவ்வளவு திமிரா இருந்தேனா?"

"இருந்தீங்க சார். அந்தத் திமிருக்காகத்தான் உங்ககிட்ட வேலை பார்த்தேன்."

மந்திரி போனை வைத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சான்றில் முத்திரை குத்தி, அன்றைய தபாலிலேயே சேர்த்தாள்.