வலது கைக்கு வேக்ஸ், இடது கைக்குச் சர்க்கரை

பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வேணுகோபாலுக்குக் குரல்தான் சொத்து. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் முன்படிக்கட்டில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால், பின்படிக்கட்டில் தொங்குகிறவன் மறுபேச்சில்லாமல் உள்ளே வந்துவிடுவான். அந்தக் குரலை நம்பித்தான் மனுஷன் பெண்டாட்டியிடம் பந்தயம் கட்டினார்.

பெண்டாட்டி அம்சவள்ளி, திருச்சிக்குப் போய்ப் போய் வந்து பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தவள். வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு பார்லர் வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சோறு இறங்காத அளவுக்கு அதே நினைப்பு. வேணுகோபாலுக்குத்தான் பிடிக்கவில்லை. ‘உன் சம்பாத்தியம் பத்தலயா’ என்று டிரைவர் கேலி பேசுவான் என்ற பயம். அதை வெளியே சொல்ல முடியுமா? வேறு நியாயம் பேசினார்.

“காச குடுத்து முடிய புடுங்கிக்க எவ வருவா? எங் கையில செஞ்சு காட்டு. நான் கத்திட்டா கடை கிடையாது. கத்தலன்னா போர்டு எழுதச் சொல்லிடு.”

“ரெண்டு கையும் வேணுங்க,” என்றாள் அம்சவள்ளி. “கடையில எத வக்கிறதுன்னு எனக்கும் தெரியணும்ல.”

கை முடியை எடுக்க அவளிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, திருச்சியில் வாங்கிய வேக்ஸ் டப்பா. இன்னொன்று, குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு சசிகலா சொல்லிக்கொடுத்தது. சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் காய்ச்சி எடுக்கும் பாகு. பதம் பிடிபடும்வரை அம்சவள்ளி அதை எத்தனையோ தடவை முறுகவிட்டாள். முறுகினதையெல்லாம் எலுமிச்சை மிட்டாய் என்று நினைத்து, கண்டக்டர் அரியலூர் வரைக்கும் சப்பிக்கொண்டே போனார். அவளும் வாயைத் திறக்கவில்லை.

வேணுகோபாலுக்கு டூட்டி இல்லாத ஒரு நாள் மதியம் பந்தயம் ஆரம்பித்தது. முதல் இழுப்பிலேயே தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு எழுந்து போய்விடுவது என்பது அவர் திட்டம். உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தார். சசிகலாவும் தெருப் பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சூடாக்கிய வேக்ஸை முடி படிந்திருக்கும் பக்கமாகக் கத்தியால் மெல்லிசாகத் தடவி, துணிப்பட்டையை அழுத்தி, எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தாள் அம்சவள்ளி. வேணுகோபாலுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. இத்தனை பெண்களுக்கு முன்னால் கத்தினால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியுமா? வந்த சத்தத்தை இருமலாக்கி விழுங்கினார்.

“வலிக்கவே இல்ல போலருக்கே!” என்றாள் ஒருத்தி.

கை சீக்கிரமே மழமழவென்று ஆனது. பிசுக்குதான் தண்ணீருக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அதன்பின் அம்சவள்ளி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“ஏன்டி சாத்துற?”

“அவங்க இருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு கத்த மாட்டீங்க. பந்தயம்னா நியாயமா இருக்கணும்ல. இப்ப தாராளமா கத்துங்க.”

வேணுகோபாலுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கழுத்தை அவளாகவே கொண்டுவந்து நீட்டுகிறாளே!

பாகைப் பிசைய அவள் முழுக்கை ஜாக்கெட்டின் கையை மேலே ஏற்றினாள். முன்கை நெடுக ரத்தம் கட்டின தடங்கள், நடுவில் ஒரு தீக்கொப்புளம்.

“என்னடி இது?”

“பழகுறதுக்கு வேற கை ஏதுங்க? நீங்க டூட்டிக்குப் போனப்புறம் பண்ணிப் பாத்தேன்.”

“வலிக்கல?”

“வலிச்சுது. பக்கத்து வூட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு தலகாணிய கடிச்சுக்கிட்டேன்.”

வேணுகோபால் இடது கையை நீட்டினார்.

பாகைக் கட்டைவிரலால் முடிக்கு எதிராகத் தேய்த்து, முடி போகும் பக்கமாகவே சுண்டினாள். துணியும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. முழங்கை மடிப்புக்கு வந்தபோது நிஜமாகவே உயிர் போனது. வேணுகோபால் வாயைத் திறந்தார். அவள் கையைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றியதுமே கை சுத்தமாகிவிட்டது. “கத்தவே இல்லீங்களே,” என்றாள் அம்சவள்ளி. அவள் கண் கலங்கியிருந்தது. “இப்பவாவது நெசத்த சொல்லுங்க. வர்றவங்ககிட்ட நான் பொய் சொல்லக் கூடாது. எது தேவல?”

“சக்கரதான். பந்தயம் முடிஞ்சிடுச்சுல்ல?”

“முடிஞ்சிடுச்சு.”

“அய்யய்யோ! அம்மாடியோவ்! கொன்னுட்டாளே!”

அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து வந்தது. சசிகலா ஓடிவந்து கதவைத் தட்டினாள். “என்னண்ணே ஆச்சு?”

வேணுகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். “ஒண்ணுமில்லம்மா, சந்தோஷத்துல கத்திட்டேன். எங்க அம்சா கடை தொறக்குறா.”