கண்ணாடிக் கடை

“எறங்குடா முனி, ஸ்டாண்டு வந்துடுச்சி” என்றாள் செல்லியம்மாள், கண்ணைத் திறக்காமலே.

முனிரத்தினம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அக்காவின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் பேச்சு இதுதான்.

இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி மூன்று நாளாகிறது. நேற்றிலிருந்து மூச்சு நின்று நின்று வந்தது. நின்றால் பத்து எண்ணுவதற்குள் வந்துவிடும். இன்று காலையில் ஒரு தடவை பதினேழு வரைக்கும் போயிற்று. முனிரத்தினம்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

“ஸ்டாண்டு வந்துடுச்சாக்கா?” என்று கேட்டு வைத்தான்.

“பின்ன? பையி எங்கடா?”

“எங்கிட்டதான் கீது.”

“கெட்டியா புடிச்சிக்க. கூட்டம்.”

கட்டிலின் கால்மாட்டில் பக்கத்து வீட்டு லில்லி நின்றிருந்தாள். நர்சிங் ஹோமில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள். நாடி பிடித்து அவள் ஒன்று சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

“வுடாதீங்கண்ணா, பேச்சு குடுத்துக்கினே இருங்க. பேசும்போது மூச்சு ஒழுங்கா வருது பாருங்க” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். வார்த்தைக்கு வார்த்தை நெஞ்சு ஏறி இறங்கியது. மணி ஒன்பதரை. செல்லியம்மாளின் ஒரே மகள் திரிஷா ஐதராபாத்தில் நர்ஸ். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள். பன்னிரண்டரைக்கு அவள் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கும். அங்கே கார் பிடித்தால் இரண்டரை மணிக்குள் காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்துவிடலாம். காலையில் வீடியோ காலில் மகளின் முகத்தைக் காட்டினார்கள். செல்லியம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். “நான் வர்ற வரைக்கும் எப்டியாச்சும் புடிச்சு வைங்க மாமா” என்று அந்தப் பெண் போனிலேயே அழுதது. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் நம் கையில் இல்லை என்று தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். அதனால்தான் அவனால் மறுக்க முடியவில்லை.

ஆக, அக்கா நினைப்பில் போய் இறங்கியிருந்த பழைய கடைத்தெருவிலேயே அவளை ஐந்து மணி நேரம் நிறுத்தி வைப்பது என்று முனிரத்தினம் முடிவு செய்தான்.

அவர்களுக்குச் சொந்த ஊர் தாமல். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுவார்கள். அம்மாவால் வேலையை விட்டு வர முடியாத வருடங்களில் அக்காதான் அவனைக் கூட்டி வருவாள். அவளுக்குப் பதினாலு வயது, அவனுக்குப் பத்து. கடைக்காரர்களிடம் அவள் பேரம் பேசுகிற அழகைப் பார்த்து, பெரியவர்களே பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள், தங்களுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள் என்று.

“மொதல்ல பாய் கடைக்குப் போலாமாக்கா? செருப்பு வாங்கிடலாம்.”

“ம்.”

பாய் கடையில் உட்கார ஒரு மரப் பெட்டி உண்டு. காதர் பாய் யார் காலையும் கூசாமல் எடுத்துத் தன் தொடைமேல் வைத்துத்தான் அளவு பார்ப்பார். அந்த ஊரில் முனிரத்தினத்தின் காலை அப்படித் தொட்ட முதல் அயலார் அவர்தான். அடுத்த வருடமும் போட வேண்டும் என்று அக்கா எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே கேட்பாள். பாய் சிரித்துக்கொண்டே முன்பக்கம் காகிதம் திணித்துக் கொடுப்பார்.

“பெர்சா குடுக்கச் சொல்லுடா. பேப்பர் வெச்சிக்கலாம்” என்றாள் செல்லியம்மாள்.

“சொல்லிட்டேன்கா. நடந்து பாக்கச் சொல்றாரு.”

“நட.”

அவன் கட்டிலைச் சுற்றி நாலடி நடந்தான். ஐம்பத்து நாலு வயதில், கரண்டு ஆபீஸ் காக்கிச் சட்டையோடு. யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். லில்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்தது பாத்திரக் கடை. எதையும் வாங்க மாட்டார்கள். வாசலில் தொங்கும் குடங்களில் முகம் கோணல்மாணலாகத் தெரிவதைப் பார்ப்பதற்கே நிற்பார்கள். அதற்கடுத்து ஜனதா ரெடிமேட். அங்கே சட்டையை முதுகில் வைத்துப் பார்த்தே எடுத்துவிட வேண்டும், போட்டுப் பார்க்க விட மாட்டார்கள். வளையலும் ரிப்பனும் சரோஜா ஃபேன்சியில். முழம் போட்டு ரிப்பன் அளக்கும் அந்த அம்மாளின் கை குட்டையாக இருக்கிறதென்று அக்கா ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்பாள், வேறு கையால் அளக்கச் சொல்லி.

இன்று அந்த வரிசையில் எதுவுமில்லை. பாய் கடை ஏ.டி.எம். ஆகிவிட்டது. ஜனதா இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். முனிரத்தினம் லைன்மேன். ஒவ்வொரு கடையும் மூடியபோது கம்பத்தில் ஏறி இணைப்பைத் துண்டித்து வந்தது அவன்தான். அப்போதெல்லாம் அது வெறும் வேலையாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு கடையையும் திறந்து, விளக்கைப் போட்டு, ஆட்களை உட்காரவைக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் தப்பினாலும் அக்காவுக்குக் கோபம் வந்தது.

“சரோஜா கடை வந்துடுச்சிக்கா” என்று அவசரப்பட்டுச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தாள்.

“அது பாத்திரக்கடைக்கு அந்தாண்டடா, மக்கு.”

திட்டு வாங்கியதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

ஆனால் ஒவ்வொரு கடையிலும் அவள் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். பத்தே முக்காலுக்கு, “எல்லாம் ஆச்சிடா, பஸ்ஸுக்குப் போலாம்” என்றாள். சொன்னதும் மூச்சு நின்றது. பன்னிரண்டு. பதினைந்து. பத்தொன்பது.

“அக்கா! ரிப்பன் வாங்கலியே! வெறுந்தலையோட போனா அம்மா அடிக்கும்க்கா!”

இருபத்திரண்டில் இழுத்துக்கொண்டு வந்தது மூச்சு. “ஆமாண்டா… மறந்துட்டேன் பாரு” என்றாள்.

அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பஸ் என்ற பேச்சே இனி வரக் கூடாது. அதற்கு இன்னும் கடைகள் வேண்டும். இருந்தவை எல்லாம் தீர்ந்துகொண்டு வந்தன.

அக்கா புருஷன் சிட்டிபாபு வாசற்படியிலிருந்து கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது. மனிதர் நல்லவர்தான், துக்கம் வந்தால் எதையாவது ஏற்பாடு செய்யாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவே.

“மச்சான், தப்பா நெனைக்காத. பொறந்த வூட்டுக் கோடி நீதான எடுத்தாரணும். கடைசி நேரத்துல ஓட முடியாது. ஒரு நூல் பொடவ, செவப்பா…”

“மாமா!”

“இல்லப்பா, சொன்னேன்.”

“மூச்சு இருக்கிற மனுஷிக்குக் கோடி எடுக்கிறதா? நான் போய் கடையில நின்னா இங்க அக்கா உத்தரவு கெடச்சிடுச்சின்னு கெளம்பிடும் மாமா. வேணாம். பொண்ணு வரட்டும்.”

பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புடவை வந்து மேலே விழுந்தால்தான் பிணத்தை எடுப்பார்கள். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுவரை அவள் பிறந்த வீட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம். இதில் முனிரத்தினத்துக்கு இருந்த பயம் சொல்லி முடியாது. நேற்று மாற்றுத் துணிக்கென்று லில்லி நீட்டிய பழைய புடவையைக்கூட அவன் கையால் வாங்கவில்லை. கட்டிலில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் உள்ளே ஓடி வந்தபோது அக்கா தானாகவே எங்கோ நடந்துகொண்டிருந்தாள்.

“முனி, எங்க இருக்குறோம்?”

வாய்க்கு வந்தபடி “காந்தி ரோட்டுலக்கா” என்றான்.

செல்லியம்மாளின் முகம் மாறியது. குரல் இறங்கியது. “கண்ணாடிக் கடையா?”

அது பட்டுக் கடை. பெயர் என்னவோ இருந்தது; இவர்களுக்குக் கண்ணாடிக் கடைதான். ஆள் உயரக் கண்ணாடிக்குப் பின்னால் புடவை கட்டிய பொம்மை நிற்கும். வருடா வருடம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அக்கா அங்கே நிற்பாள். ஒரு தடவை படியில் கால் வைத்துவிட்டாள். உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன வேணும்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கேட்ட விதத்தில் அக்கா காலை எடுத்துக்கொண்டாள். தாமல் வரும் வரைக்கும் பஸ்ஸில் பேசவே இல்லை. பட்டு நெய்கிற ஊருக்குள் வாழ்க்கைப்பட்டு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தும் அவள் எந்தப் பட்டுக் கடைப் படியையும் அதன் பிறகு மிதிக்கவில்லை.

“உள்ள உடுவாங்களாடா?”

“உடுவாங்கக்கா. யாரு கேக்கறது? வா.”

சொல்லிவிட்டான், ஆனால் உள்ளே எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது. இல்லை, ஒரு தடவை பார்த்திருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்க் கம்பத்தில் ஏறியபோது மாடி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெள்ளை மெத்தை. சுவரோரம் பித்தளைப் பானையில் தண்ணீர். சப்பணமிட்டு உட்கார்ந்த பெண்கள் முன்னால் புடவைகள் குவிந்து கிடந்தன.

“மெத்தையில ஒக்காருக்கா. பெரியவரு வாங்கன்னு கூப்புடுறாரு பாரு.”

“செருப்பு?”

“வெளிய வுட்டாச்சி.”

செல்லியம்மாள் பெருமூச்சு விட்டாள். நல்ல, ஆழமான மூச்சு. லில்லி அருகில் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

முனிரத்தினம் புடவைகளை எடுத்துப் போட ஆரம்பித்தான். அரக்கு. மயில்கழுத்து. மாம்பழ மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு குற்றம் சொன்னாள். இது கிழவி கலர், அதில் சரிகை பத்தாது, இதைக் கட்டினால் நான் இன்னும் கறுப்பாகத் தெரிவேன். அவன் மடித்துவிட்டு வேறொன்றை விரித்தான். பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டே முக்காலுக்குத் திரிஷா போன் செய்தாள். “எறங்கிட்டேன் மாமா, கார்ல ஏறிட்டேன்.” “சீக்கிரம் வாம்மா, சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை விரித்தான். வெங்காயச் சருகு. கிளிப்பச்சை. அவனுக்கே வியப்பாக இருந்தது, இத்தனை நிறம் தனக்குத் தெரியும் என்று. ஒன்றேகாலுக்கு அக்காவின் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. ஜெயித்துவிடுவோம் என்று முதல் தடவையாக அவனுக்குத் தோன்றியது.

“இது கத்திரிப்பூ கலருக்கா. அரக்கு பார்டர்.”

அவள் ஒன்றும் குற்றம் சொல்லவில்லை.

“மேல போட்டுக் காட்டச் சொல்லுடா.”

கடையில் தோளில் போட்டுத்தானே காட்டுவார்கள். அவன் கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து உதறி, அவள் தோளிலிருந்து பாதம் வரைக்கும் நீவி விட்டான்.

“எப்டிடா இருக்குது?”

“ராணியாட்டம் கீறக்கா.”

“யாருடா எடுத்துத் தர்றது?”

“நான்தான்கா. வேற யாரு? ஒந்தம்பி எடுத்துத் தர்றேன், கட்டிக்க!”

சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டான். நிமிர்ந்தபோது லில்லி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைக் கண்டான். அவள் பார்வை போன இடத்தில் அவனும் பார்த்தான். அக்காவின் மேல் கழுத்து முதல் கால் வரை சுருக்கமில்லாமல் கிடந்தது, அவன் கையால் போர்த்தியது.

போர்வையைப் பிடித்து இழுத்தான்.

“வேணாம்க்கா. இது வேணாம். சாயம் போவும். வேற பாக்கலாம், பெரியவரு உள்ளேர்ந்து புதுசு எடுத்தாறேன்றாரு…”

“நல்லா இருக்குதுடா” என்றாள் செல்லியம்மாள். “இதே இருக்கட்டும்.”

அவள் கை போர்வை விளிம்பைப் பிடித்திருந்தது.

பத்து. இருபது. முனிரத்தினம் எண்ணுவதை விட்டுவிட்டுக் கடைகளைக் கூப்பிட்டான். பாய் கடை, அக்கா. வளையல் போடலியே, அக்கா. குடம் பாக்கலாம், அக்கா. இல்லாத கடைகளையும் கூப்பிட்டான். லில்லி மணிக்கட்டைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றாள். பிறகு அந்தக் கையை மெல்லக் கீழே வைத்தாள்.

மணி ஒன்று முப்பத்தைந்து. சிட்டிபாபு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரிஷா மறுபடி போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை அடித்ததும் முனிரத்தினம் எடுத்தான்.

“ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டேன் மாமா. அம்மா எப்டி இருக்காங்க?”

“மெதுவா வாம்மா” என்றான்.

காலையிலிருந்து சீக்கிரம் வா என்று மட்டுமே சொன்னவன். எதிர்ப்பக்கம் கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டே காலுக்கு அவன் காந்தி ரோட்டில் இருந்தான். நூல் புடவை போதும் என்று சிட்டிபாபு சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. பெரிய பட்டுக் கடை, நாலு மாடி, குளிரூட்டியது. படியருகில் போனதும் கால் தயங்கியது. காவலாளி கதவைத் திறந்துவிட்டு, “வாங்க சார்” என்றார். அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

“யாருக்கு சார் பாக்கறீங்க?” என்று கேட்டார் விற்பனையாளர்.

“அக்காவுக்கு.”

“அறுபதாங் கல்யாணமா சார்?”

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. உற்சாகமாக அடுக்கிலிருந்து நாலைந்தை உருவிப் போட்டார். மூன்றாவதாக விழுந்தது கத்திரிப்பூ நிறம், அரக்கு பார்டர். முனிரத்தினம் அதை இரண்டு கையாலும் எடுத்து, மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்தான்.

போன் அடித்தது.

“நான் வந்துட்டேன் மாமா. நீங்க எங்க?” என்றாள் திரிஷா. அவளுக்குப் பின்னால் யார் யாரோ அழுதார்கள்.

“கடையில இருக்கேன்மா. அம்மாவுக்குப் பொடவ பாத்துக்கினு இருக்கேன்.”

அவள் போனை வைக்கவில்லை.

“இதை பில் போட்டுடலாமா சார்?” என்று விற்பனையாளர் ஓரத்தில் இருந்ததைக் காட்டினார்.

“இருங்க” என்றான் முனிரத்தினம். “வேற காட்டுங்க.”

அவர் ஒரு மயில்கழுத்தை உதறி விரித்தார். அவன் முந்தானையைத் தூக்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், சரிகையைத் தடவினான்.

“இன்னும் காட்டுங்க” என்றான்.