சிடுமூஞ்சியின் விடுப்பு

பேருந்து நடைபாதையில் ஏறி, நிழற்குடையின் தூணில் மோதி நின்றதும் டிரைவர் முதலில் செய்த காரியம், பின்னால் திரும்பிக் கத்தியதுதான்.

"கம்பியப் பிடிச்சிட்டு நிக்கத் தெரியாதா? கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்னம்மா வேடிக்கை?"

கீழே விழுந்திருந்த பெண் முழங்கையைத் தேய்த்தபடி எழுந்தாள். குழந்தைக்கு அடி ஒன்றும் படவில்லை. பயத்தில் வீறிட்டு அழுதது. பட்டப்பகல். குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை. "பிரேக் பிடிக்கல," என்றார் டிரைவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. கண்டக்டர் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டிரைவரின் தலை ஸ்டியரிங்கை நோக்கித் தொங்கியதை அவன் கண்ணாடியில் பார்த்திருந்தான். "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடவும் செய்திருந்தான்.

மறுநாள் டிப்போ மேனேஜர் அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார்.

"பிரேக்கக் கழட்டிப் பாத்தாச்சு. அது நல்லாத்தான் இருக்கு."

டிரைவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா நீங்க எப்ப லீவு போட்டீங்க?"

வேறு நாளாக இருந்தால் அவர் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லியிருக்கக்கூடிய கேள்வி அது. மகள் பிறந்த சேதியே அவருக்குக் கடைசி ஸ்டாப்பில்தான் கிடைத்தது. மாமியார் இறந்த அன்று யூனிஃபாரத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த டிரிப்புக்கு ஓடியவர். ஓய்வறையில் டீ குடிக்கும்போது இதையெல்லாம் மெடல் போல எடுத்துக் காட்டுவார். யாராவது லீவு கேட்டுவிட்டால் போதும், "என்ன, உடம்பு நோகுதா ராசா?" என்று பிடித்துக்கொள்வார்.

"லீவெல்லாம் போடுறதில்ல சார்," என்றார் மெல்ல.

"அதான் கோளாறு. சேந்து கெடக்குற லீவ மொத்தமா எடுத்துக்குங்க. மூணு மாசம் இந்தப் பக்கமே வரவேணாம்."

"தண்டிக்கணும்னா வேற ஏதாவது செய்ங்க சார்."

"தண்டனைன்னா எழுத்துல குடுத்திருப்பேன். இது லீவு. போய்த் தூங்குங்க."

அந்தக் கடைசிச் சொல் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெளியே கண்டக்டர் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "போட்டுக் குடுத்துட்டேல்ல? நல்லா இரு," என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்கு நிற்காமல் டிரைவர் நடந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "மூணு மாசமா?" அதில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தூரத்து உறவினர் யாரோ தங்க வருவதாகச் சொன்னால் கேட்கிற குரல்.

"யாராவது கேட்டா ட்ரெயினிங்னு சொல்லிடு."

"யாரு கேக்கப்போறா?" என்றாள் அவள். அதுவும் குத்தியது.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை, மகளுக்குக் கல்லூரி. காலையில் இருவரும் கிளம்பிப்போனதும் அவர் வீட்டுக்குள் திருடனைப் போல நடமாடினார். எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் டி.வி.யை அணைத்தார். கடைக்குப் போகவேண்டி வந்தால் யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, டியூட்டிக்குப் போகிற அவசரத்தோடு படி இறங்கினார். ஆண்பிள்ளை, கை கால் நன்றாக இருக்க, வேலை நாளில் வீட்டில் கிடப்பதா என்று கண்ணாடியே கேட்பது போலிருந்தது.

ஆனால் தூக்கம் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. சோபாவில் சாய்ந்தால் போதும், கிணற்றில் கல் விழுந்த மாதிரி போய்விடுவார். எழுந்தால் வாயோரம் ஈரமாக இருக்கும். அதைத் துடைத்துவிட்டு யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். சில வாரங்கள் இப்படிப் போன பிறகு ஒரு காலையில், யாரும் எழுப்பாமலேயே விழிப்பு வந்தது. தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றிருந்தது. அப்படி ஒன்று இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே, அது நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்குக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தன் தடத்துப் பேருந்தில் பயணியாக ஏறினார். தான் இல்லாமல் அது எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று பார்த்துவிடவேண்டும்.

ஓட்டியது புதிதாக மாற்றலாகி வந்த ஒரு டிரைவரம்மா. கண்டக்டரும் புது முகம். ஊன்றுகோலோடு ஒருவர் தூரத்தில் வருவதைப் பார்த்து அந்த அம்மா வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, "மெதுவா வாங்க, ஓடிப்போக மாட்டேன்," என்று குரல் கொடுத்தாள். பேருந்தே சிரித்தது. 'இப்படிப் போனா டயத்துக்குப் போன மாதிரிதான்' என்று பின் சீட்டில் அவர் பல்லைக் கடித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி நேரத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஏறிய பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் குழந்தை. பைக்குள் போன் அடித்தது.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களாண்ணா?"

குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனைத் தேடினாள். அந்த முகமும் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த காயமும் அவருக்கு ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தன. குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

பேசி முடித்துவிட்டு அவள் சொன்னாள், "இந்த பஸ்ஸு இப்பத்தாண்ணா நிம்மதி. முன்னாடி ஒரு சிடுமூஞ்சி ஓட்டுவாரு."

"யாரு?"

"பேரு யாருக்குத் தெரியும்? எல்லாரும் சிடுமூஞ்சின்னுதான் சொல்லுவோம். ஆனா மூஞ்சிய எங்க பாத்தோம், முதுகத்தான் பாத்திருக்கோம்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு தேய்ந்தது. "அன்னிக்கு பஸ்ஸ மோதிட்டு, என்மேலதான் தப்புன்னு கத்தினாரு. எனக்கு இவமேலதான் கண்ணு, நிமிந்துகூடப் பாக்கல. வீட்ல வந்து சொன்னா, எங்க வீட்டுக்காரரும் அதையே சொல்றாரு. கம்பியப் பிடிச்சிருந்தா விழுந்திருப்பியான்னு. பிள்ளைய என்கிட்ட தனியா விடவே யோசிக்கிறாரு. கீழ போட்டவன்னு பேராயிடுச்சு."

டிரைவருக்குக் காது மடல் எரிந்தது. அன்று கத்தியதை அவர் அந்த நிமிடமே மறந்துபோயிருந்தார். அது இவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வாரமாக இவளைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பேசாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்துகொள்ளக்கூடப் பார்த்தார், மடியில் குழந்தை இருந்தது.

"தப்பு உங்கமேல இல்லம்மா."

"நீங்க சொல்றீங்க."

"நான்தான் ஓட்டினேன். பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. தூங்கிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு குழந்தையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். எடுத்த வேகத்தில் அவர் சட்டைப் பொத்தான் அறுந்து தெறித்தது. அதைக் குனிந்து எடுக்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மார்க்கெட் ஸ்டாப் வந்தது. அவள் எழுந்து, இறங்கும் வழியில் அவர் பக்கமாக வந்து நின்றாள்.

"இத என் வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

அவர் பின்னாலேயே இறங்கினார்.

கணவனுக்குச் செல்போன் பழுதுபார்க்கும் கடை. இரண்டு பேர் போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று டிரைவர் ஒதுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. "சொல்லுங்க," என்றாள்.

சொன்னார். தூங்கினதைச் சொன்னார், பிரேக் என்று புளுகினதைச் சொன்னார். "என் தப்ப மறைக்கத்தான் இவங்களத் திட்டினேன். கம்பியப் பிடிச்சிருந்தாலும் விழுந்திருப்பாங்க. அப்படி ஒரு இடி."

கணவன் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தான். "என் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா உங்க முன்னாடி நிக்க எனக்கு அருகதையே கிடையாது."

"இப்ப மட்டும் இருக்கா?"

காத்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கணவன் மனைவியைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த குழந்தையின் காலைத் தொட்டான். அவன் முகமும் கன்றிப்போயிருந்தது.

"சரி, போங்க," என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வீடு வரை நடந்தே வந்தார். மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தூங்கியிருப்பீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"தட்டுல கை வெச்சுக்கிட்டே தூங்குற ஆளு நீங்க. ஒரு தடவ சொன்னேன், எரிஞ்சு விழுந்தீங்க. பாப்பாவும் சொல்லிப் பாத்தா. அப்புறம் நீங்க வீட்ல இருக்கிற நேரத்துல நாங்க சத்தம் போடாம இருக்கப் பழகிட்டோம்." அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். "நீங்க டியூட்டிக்குப் போனப்புறம்தான் பேசிச் சிரிப்போம்."

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பது போலச் சொன்னாள். அதுதான் அவரை உட்காரவைத்தது. குடும்பத்துக்காக ஓடுகிறேன் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தவர், தான் கிளம்புவதற்காகத்தான் வீடு காத்திருந்தது என்பதைக் கேட்டுக்கொண்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மனைவி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொடவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அதற்குப் பிறகு யாராவது கேட்டால், லீவில் இருப்பதாகவே சொன்னார். முட்டைப் பொரியல் செய்யக் கற்றுக்கொண்டார். கருகியதைத் தானே தின்றார். மகள் முதலில் தன் அறையில்தான் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். இன்னொரு நாள், படிக்கும் பாடம் தனக்குப் பிடிக்கவே இல்லை, மாறிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என்ன பாடம் படிக்கிறாள் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. அதை ஒப்புக்கொண்டு, "முதல்லேர்ந்து சொல்லு," என்றார்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மகள் சொல்லிக்கொண்டிருந்தது, பாடம் மாற்றக் கேட்டுக் கல்லூரியில் ஒரு சாரைப் போய்ப் பார்த்த கதையைத்தான். வாசலில் கண்டக்டர் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ரெண்டு டிரைவருக்கு உடம்பு சரியில்லண்ணே. நாளைக்கே வரமுடியுமான்னு மேனேஜர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீங்க மாட்டேன்னு சொல்லமாட்டீங்கன்னாரு."

முன்பு இந்தச் செய்தி அவருக்குத் தேன். இப்போதும் உள்ளே ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. நான் இல்லாமல் நடக்கவில்லை பார்த்தாயா என்றது. கூடத்தில் மகள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது அவருக்கு முதுகிலேயே தெரிந்தது.

"அடுத்த வாரம் வரேன்னு சொல்லிடு."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஆளே இல்லண்ணே."

"தெரியுது. இருந்தாலும் முடியாதுப்பா." சொல்லும்போது முகம் சூடாயிற்று. நண்பர்கள் லாரி தள்ளும்போது நிழலில் நிற்பவனைப் போலக் கூசினார். அந்தக் கூச்சத்தோடேயே, "அன்னிக்கு டிப்போவுல உன்னச் சொன்னது தப்பு. நீ சொல்லலைன்னா நான் யாரையாவது கொன்னிருப்பேன்," என்றார்.

கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"வீட்ல வேலை இருக்குன்னு சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப்போனான். டிரைவர் கதவைச் சாத்தினார். வெட்கம் இன்னும் போகவில்லை. கழுத்தில் சூடாகவே இருந்தது. அப்படியே உள்ளே வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ம், அப்புறம் அந்த சார் என்ன சொன்னாரு?"