செயல்படாத கடை

ஐப்பசி பிறந்த மறுநாளே திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணிக்குக் காரை விரட்டினேன். வீட்டுச் சமையல் விற்கும் நிமலின் ஆப்பில் என் மட்டன் பெரட்டல்தான் எப்போதும் முதல் வரிசை. இன்று தேடினால், விரல் வலிக்கத் தள்ளினாலும் வராத அடிமட்டத்தில் கிடக்கிறது. 'செயல்படாத கடை' என்று ஒரு பட்டம் வேறு. தீபாவளி வியாபாரம் போனால் என் வருடமே போனது.

புரட்டாசி முழுக்க மூடியிருந்தேன். இறைச்சி சமைக்கிற எங்களில் பாதிப் பேர் அந்த மாதம் சட்டியைக் கவிழ்த்துவிடுவோம். வாங்குகிறவர்களே சைவம், யாருக்குச் சமைப்பது?

என் இடத்தில் இப்போது நிமல் புதிதாகத் தொடங்கிய சொந்தச் சமையல்கூடம். அதிலும் மட்டன் பெரட்டல்! எது விற்கும் என்று எங்கள் சட்டியை எட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றால் இதுதான்.

அலுவலகத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தான்.

"நான் ஒன்னும் செய்யல லா, அக்கா. ஒரு மாசம் மூடுனா சிஸ்டமே கீழ தள்ளிரும். அதுக்குப் புரட்டாசி எல்லாம் தெரியாது."

"உனக்குத் தெரியும்ல? நீயும்தானே நேத்து முந்தாநேத்து வரைக்கும் சைவம்?"

மெல்ல, "விளம்பரம் போட்டா மறுபடி மேல வரலாம். அக்காவுக்கு டிஸ்கவுன்ட் தர்றேன்," என்றான்.

எனக்கே டிஸ்கவுன்டா! ஆப் தொடங்கியபோது இவனிடம் ஒரு கடைகூட இல்லை. சுங்கை லாலாங் வரை வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பேசிச் சேர்த்தவள் நான். 'அக்காதான் நம்ம பார்ட்னர்' என்று மேடையேற்றி மாலை போட்டவன் இவன்.

அவன் முன்னாலேயே எங்கள் வாட்சாப் குழுவில் பேசி அனுப்பினேன். "யோகேஸ்வரி பேசுறேன். புரட்டாசிக்கு மூடுனவங்கள எல்லாம் கீழ தள்ளிட்டு, நிமல் தம்பி சொந்தக் கடைய மேல வச்சிருக்காரு. நான் வெளிய வந்துட்டேன். இஷ்டப்பட்டவங்க ஆப்ல கடைய மூடுங்க. ஆர்டர போன்லயே எடுப்போம்."

சுவரில் இருந்த பெரிய திரையில் திறந்திருக்கும் கடைகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. முதலில் ஒன்று அணைந்தது. பிறகு பெடோங் பக்கம் கொத்தாக அணைந்தது. நான் சேர்த்தவர்களில் ஷீலா மட்டும் மூடவில்லை. ஆப் ஆர்டரை விட்டால் அவளுக்குப் பிழைக்க வேறு வழியில்லை, தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம்தான்.

நிமல் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, தீபாவளி வருது! இப்பப் போயி மூடுனா என் பொழப்பு என்னாவறது?"

"இதக் கேக்கத்தான் தம்பி நானும் வந்தேன்."