தளபதியின் மகன்

தளபதி வேடத்தில், தகர வாளை உருவிப் பிடித்தபடி நீக்கிலாப்பிள்ளை மேடைக்குப் பின்னால் ஓடினார். முன்னால் ஓடியவன் துருக்கித் தூதன். அதாவது, அவருடைய மனைவியின் தம்பி றஞ்சித்.

"போனைத் தாடா! ஆர் கோல் எடுத்தது?"

"அத்தான், உடுப்புப் போட்டிட்டியள். கூத்து முடியட்டும்."

யாழ்ப்பாணத்துக் குருநகரில் அந்தக் கூத்துக் குழுவின் கட்டுப்பாடு அது. உடுப்புப் போட்டவனுக்கு வீட்டுச் செய்தி சொல்லக்கூடாது. முன்பொருமுறை தகப்பன் செத்த செய்தி கேட்டு ராசா வேடக்காரர் பாதியில் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாருடைய போனும் முதலே ஒரு பைக்குள் போய்விடும். இந்த முறை பை றஞ்சித்திடம். சற்றுமுன் பைக்குள் தன் போன் அடிக்க, அவன் எடுத்துப் பேசியதை நீக்கிலாப்பிள்ளை கண்டிருந்தார்.

பதினொரு நாளாக மகன் றொகானிடமிருந்து சத்தமில்லை. இத்தாலிக்கென்று, கள்ளவழியாய்க் கூட்டிப்போகும் ஏஜென்சிக்காரனோடு போனவன். "காட்டாலை நடக்கப்போறம் அப்பா" என்றதுதான் கடைசிக் கதை. எந்த நாட்டுக் காடு என்று அவனுக்கே தெரியாது. அவனுக்காக அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடனுக்குத்தான் நீக்கிலாப்பிள்ளை ஐம்பத்தாறு வயதில் சலங்கை கட்டினார்.

"அவன்தானே கோல் எடுத்தது? அதை மட்டும் சொல்லு."

"தளபதி தூதனிட்டைக் கெஞ்சுறார், பாருங்கோ!" முகப்பூச்சுக்காரன் றோய் சிரித்தான். "சுல்தான் கண்டால் கோட்டையைச் சும்மா பிடிச்சிடுவான்."

மத்தளம் அதிர்ந்தது. வேறு வழியில்லை. நீக்கிலாப்பிள்ளை மேடையேறினார்.

ஐரோப்பாவின் குறோவாசியா நாட்டைக் காக்கத் துருக்கிப் படையை மறித்த தளபதியின் கதை அது. கோயில் பங்குச் சுவாமி சொல்ல, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட்டாக்கியிருந்தார். தூதன் வந்தான். தளபதியின் மகனுடைய கொடியை விரித்துக் காட்டினான். மகன் எங்கள் கையில், கோட்டைக் கதவைத் திறந்தால் உயிரோடு தருவோம் என்று பாடவேண்டும். 'மகன்' என்ற இடத்தில் றஞ்சித்துக்குக் குரல் அடைத்தது. ஒத்திகையில் ஒருநாளும் அடைக்காத குரல்.

நீக்கிலாப்பிள்ளைக்குப் பாட்டின் அடி மறந்துபோயிற்று. முன்வரிசையில் மனைவி றெஜினா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாவியார் அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். தளபதி நிமிர்ந்து பாடினார்: ஆயிரம் மக்கள் உள்ளிருக்க, ஒருவனுக்காகக் கதவு திறவேன்.

விசில் பறந்தது. "அண்ணை, இன்னொருக்கா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சனம் கேட்டால் பாடத்தான் வேண்டும். மகனை அவர் இரண்டாந்தரமும் மறுத்தார்.

கடைசிச் சண்டையில் விழுந்தார். திரை மூடிய கையோடு, எழும்பாமலே றஞ்சித்தின் காலைப் பிடித்தார்.

"இனிச் சொல்லு."

"றொகான்தான் அத்தான். சுகமாய் இருக்கிறான். எல்லையிலை மறிச்சு, திரும்ப ஆத்துக்கு அங்காலை விட்டிட்டாங்களாம்."

"ஐயோ, என்ரை அந்தோனியாரே!" நீக்கிலாப்பிள்ளை கிரீடத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எந்த நாட்டு எல்லையாம்?"

றஞ்சித் அவருடைய முகத்தைப் பார்க்காமல் தலைப்பாகையை அவிழ்த்தான்.

"இவ்வளவு நேரமும் நீங்கள் காவல் நிண்ட நாடுதான், அத்தான்."