சனிமூலை மண்

தான் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்பது சனோபருக்கு இரண்டு வருஷமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். மதுரை பசுமலையில் ஒரு மாடியில் இருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் எழுதித் தரும் அறிக்கைகள் உர மூட்டைக்கு அடியிலோ பைக் சீட்டுக்குள்ளோ போய்ச் சேர்வதுதான் வழக்கம்.

அந்தக் காகிதத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் திவ்யா வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பேரையூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய மண்கட்டிகள்.

"அக்கா, இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

சனோபர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சோணை, மூன்று ஏக்கர் கரிசல். கடைசி வரியில், மண்ணில் குறை இல்லை.

"நான்தான். என்ன விஷயம்?"

"மண்ணுல குறை இல்லைன்னா வேற யாருகிட்ட குறைன்னு அதுல எழுதலையே. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று சனோபருக்குப் புரிந்தது. சண்டைக்கு வருகிறவர்களை முதலில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவள் அனுபவம். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

திவ்யா சோணையின் மருமகள். கணவன் ஜெயபாண்டி லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அவர்கள் வீட்டில் விதைப்பு நாளன்று முதல் கைப்பிடி விதையை வீட்டுப் பெண்தான் போட வேண்டும். அதையும் வயலின் வடகிழக்கில், சனிமூலையில், சுண்ணாம்படித்து நட்டிருக்கும் எல்லைக்கல்லுக்கு முன்னால்தான் போட வேண்டும். தையில் பொங்கல் வைப்பதும் அங்கேதான். கல்யாணமான வருஷம் மாமியார் சீனியம்மாள் போட்டாள், பருத்தி நன்றாக வெடித்தது. அடுத்த வருஷம் அந்த உரிமை மருமகளுக்கு வந்தது. மக்காச்சோளம். திவ்யா மூலையில் போட்ட கைப்பிடி முளைத்தது. ஆட்கள் போட்ட மிச்ச வயல் முழுக்க மேல்மண் தகடாக இறுகிப்போய், முளை தலையை நீட்ட முடியாமல் உள்ளேயே அழுகியது. சோணை மண்ணை எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். குறை இல்லை என்று காகிதம் வாங்கிப் போனார். போன வருஷமும் அதே கூத்து, மூலையில் மட்டும் பச்சை.

"நீ போட்டது மட்டும்தான மொளைச்சிருக்கு? அப்ப உன் கை நல்ல கைதானே?"

"அதத்தான் அவங்களும் சொல்றாங்க. அம்புட்டு ராசியையும் நான் ஒருத்தியே மூலையில இழுத்து வச்சுக்கிட்டேனாம்."

சனோபர் சிரித்துவிட்டாள். திவ்யா சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை விதைப்பு. நாளைக்கு என்னையச் சோழவந்தானுக்கு, எங்க அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயி விடுறாங்க. மொளைச்ச பெறகு கூப்பிடுவாங்களாம். நான் இல்லாம மொளைச்சிருச்சுன்னா அப்புறம் எதுக்குக்கா என்னையக் கூப்பிடப் போறாங்க?"

சனோபர் பையை வாங்கிச் செய்தித்தாளைப் பிரித்தாள்.

"இந்தக் கட்டி எங்க எடுத்தது?"

"நடு வயல்ல."

"அன்னிக்கு உங்க மாமனார் எங்க எடுத்தாரு?"

"சனிமூலையிலதான். நல்ல காரியத்துக்கு எடுக்குற மண்ணை வேற எங்க எடுப்பாங்க?"

சனோபர் எழுந்துபோய்ப் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். மாதிரி எடுத்த முறை என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: ஐந்து இடங்களில் குழி எடுத்து, கலந்தது. அப்படித்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று, யாரையும் கேட்காமல், எல்லோருக்கும் அவளே அதை எழுதிவிடுவாள். பதினோரு வருஷமாக அந்தக் கட்டம் அவளுக்கு ஒரு கட்டமாகவே தெரிந்ததில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நடு வயல் கட்டி ஒன்றை மெதுவாக இறக்கினாள். கலக்கவில்லை. கட்டி முதலில் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு அதைச் சுற்றிப் புகைபோல ஒன்று கிளம்பியது. அரை மணி நேரத்தில் குவளை முழுக்கக் கலங்கிவிட்டது, அடி தெரியவில்லை.

"உங்க வீட்டுல போர் எப்பப் போட்டது?"

"எங்க கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி. கல்யாணச் சமையலுக்குத் தண்ணி வேணும்னு அவசரமாப் போட்டாங்க. ஆனா சோறு பொங்க ஆகல, மஞ்சளா போயிருச்சு. இப்ப வரைக்கும் குடிக்க, பொங்க எல்லாம் கேன் தண்ணிதான்."

"போர்த் தண்ணிய என்ன பண்ணுறீங்க?"

"வயலுக்குப் பாய்ச்சுறோம்."

"அந்த மூலைக்கும் பாயுமா?"

"அது மேடுக்கா. தண்ணி ஏறாது. மழை பெஞ்சாத்தான் உண்டு."

ஆக, ஒரே மாதத்தில் அந்த வீட்டுக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி மருமகள், இன்னொன்று போர்த் தண்ணீர். பயிர் கெட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது மருமகள் மட்டும்தான்.

கூடத்தை நடத்தும் தமிழ்வாணி மேடம் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப கொண்டு வந்த மண்ணுக்கு இப்ப ரிப்போர்ட் குடு. ரெண்டு வருஷத்துல மண்ணு கெட்டுருச்சுன்னு எழுது. பழசை எதுக்குக் கிண்டுற?"

அது முழுப் பொய்யும் இல்லை. மண் கெட்டுத்தான் இருக்கிறது. அப்படி எழுதினால் யார் பேரும் கெடாது, மண்ணைத் தேற்ற ஜிப்சம் போடுவார்கள், பயிர் வரும். ஆனால் பழைய காகிதம் சுவரிலேயே இருக்கும், இரண்டு வருஷத்து நஷ்டமும் அந்தப் பெண்ணின் கைக்கணக்கிலேயே இருக்கும். சனோபர் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை. வீட்டில் கரப்பான் பூச்சிக்கே பயப்படுகிறவள். இருந்தாலும் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"என் பேருதான மேடம் அதுல இருக்கு. நான் போயிட்டு வாரேன்."

திவ்யாவோடு சோணையின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. முன்னறையில் திவ்யாவின் சூட்கேஸ் கட்டித் தயாராக நின்றது. சோணை வெள்ளை மீசைக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். "காகிதம் குடுத்த அம்மாவா, வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சீனியம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு மதுரை வரைக்கும் போயிட்டு வந்தியாக்கும்?"

சனோபர் சுற்றி வளைக்கவில்லை. சனிமூலையிலிருந்து ஒரு கட்டி, நடு வயலிலிருந்து ஒரு கட்டி எடுத்துவரச் சொன்னாள். சோணையே போய் எடுத்து வந்தார். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை அவள் வெளியே எடுத்ததும் சீனியம்மாள் தடுத்தாள்.

"அதுல என்ன மருந்து கலந்திருக்கோ? எங்க வீட்டுத் தண்ணியில போடுங்க."

"சரிங்கம்மா. நீங்க குடிக்கிற கேன் தண்ணியே குடுங்க."

சீனியம்மாளே இரண்டு கண்ணாடித் தம்ளர்களைக் கழுவி, கேனைச் சாய்த்து ஊற்றினாள். கட்டிகளையும் அவளே போட்டாள். எல்லோரும் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காபி வந்தது, குடித்து முடித்தார்கள். சனிமூலைக் கட்டி கொஞ்சம் உதிர்ந்தது, உதிர்ந்தது அடியிலேயே கிடந்தது, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது. மற்றொரு தம்ளரில் தண்ணீர் சாம்பல் நிறமாகி, அடி மறைந்து, கடைசியில் மறுபக்கம் இருந்த சுவரும் மறைந்தது.

"ரெண்டும் ஒரே வயலு" என்றார் சோணை, யாரோ மறுத்ததுபோல.

"ஒரே வயலுதாங்கய்யா. தண்ணிதான் வேற." சனோபர் சொன்னாள். "கரிசல்ல இருக்குற களி ரொம்ப நைசான துகள். ஒவ்வொண்ணும் மேல எதையாவது இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கும். சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சிருந்தா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து நிக்கும், நடுவுல தண்ணி இறங்கும், முளை வெளிய வரும். உங்க போர்த் தண்ணியில சோடியம், உப்புல இருக்குமே அந்தச் சத்து, ஜாஸ்தி. அது முதல் வருஷம் பாய்ச்சுனதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கிச்சு. அதுக்குச் சேத்துப் பிடிக்கத் தெரியாது. நனைஞ்சா துகளெல்லாம் பிரிஞ்சு சேறாகும், காஞ்சா தகடாகும். மூலை மேடு, அந்தத் தண்ணி ஏறல. வருஷா வருஷம் கல்லுக்கு அடிக்கிற சுண்ணாம்பும் பொங்கல் சாம்பலும் வேற அங்கதான் விழுகுது."

"நம்ம வாய்க்கு ஆகாத தண்ணிய..." என்று ஆரம்பித்த சோணை முடிக்கவில்லை.

"அப்ப இந்தக் காகிதம்?" சீனியம்மாள் சுவரைக் காட்டினாள்.

இதற்குத்தான் சனோபர் வந்தாள்.

"அது தப்பும்மா. அது வயலோட ரிப்போர்ட் இல்ல, அந்த மூலையோட ரிப்போர்ட். எங்க எடுத்த மண்ணுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம அஞ்சு இடத்துல எடுத்ததுன்னு நானே எழுதிட்டேன். ரெண்டு வருஷமும் கெட்டது மண்ணுலதான். இந்தப் பொண்ணு கையில இல்ல."

சோணை எழுந்து, காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தெடுத்தார். "சாமி மூலைன்னு நான்தான் அங்க எடுத்தேன்" என்றார். "பாதித் தப்பு என்னுது." பிறகு மருமகளைப் பார்த்து, "பெட்டிய உள்ள வையித்தா" என்றார். அந்தக் குரலில் இருந்த வெட்கம் சனோபருக்கே தாங்கவில்லை.

திவ்யா பெட்டியைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோகவில்லை, வாசல் பக்கம் வைத்தாள்.

"நாளைக்குக் கொண்டு போயி விடுறோம்னீங்க. நான் இன்னிக்கே போறேன் மாமா. மொளைச்சா வரணும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்தத் தடவை அத்தை கையால போடட்டும். மூலையில இல்ல, நடு வயல்ல. மொளைக்கட்டும், வாரேன்."

"எங்க தப்புதான்னு சொல்லிட்டோம்ல?" என்றாள் சீனியம்மாள்.

"சொன்னீங்க அத்தை. ரெண்டு வருஷம் என் கையக் குறை சொல்லிட்டு இன்னிக்குச் சொன்னீங்க."

திருமங்கலம் வரை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். திவ்யா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சனோபர் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விதைப்பு நடக்கவில்லை. சனோபர் வயலில் நிஜமாகவே ஐந்து இடத்தில் குழி எடுத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அதன்படி சோணை ஜிப்சம் கொட்டி உழுதார். ஜிப்சத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு மறுபடி இடம் பிடிக்கும், தள்ளியதை மழை கீழே கழுவிக்கொண்டு போக வேண்டும். புரட்டாசியில் மழை ஏமாற்றவில்லை. போர் மோட்டாரைச் சோணை நிறுத்திவிட்டார். ஐப்பசி பிறந்ததும் சீனியம்மாள் நடு வயலில் முதல் கைப்பிடியைப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் சோணையிடமிருந்து போன் வந்தது.

"மொளைச்சிருச்சும்மா. ஆனா அவ நம்ப மாட்டேங்குறா. ஜெயபாண்டி நேர்ல போயிச் சொல்லியும் கேக்கல. நீங்க வந்து அஞ்சு இடத்துல எண்ணி, காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்."

சனோபர் போனாள். ஈர மண் செருப்பில் அப்பிக்கொண்டது. ஐந்து இடத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் வைத்து எண்ணினாள். சோணை ஒரு மரியாதைக்காகப் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடு வயலில் பத்து விதைக்கு எட்டு முளை. மேற்கே ஏழு. வடக்கேயும் கிழக்கேயும் எட்டெட்டு. தெற்கே பள்ளமான ஓரத்தில், போர்த் தண்ணீர் அதிகமாகத் தேங்கிய இடத்தில், பத்துக்கு மூன்று. அங்கே இன்னும் தகடு உடையவில்லை, இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும்.

"அந்த ஓரத்தை மட்டும் விட்டுருவமா? மூணுன்னு பாத்தா புள்ள வருமோ வராதோ" என்றார் சோணை தயங்கித் தயங்கி.

சனோபருக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மூன்று என்றே எழுதி, கையெழுத்துப் போட்டு, வரப்பில் நின்றபடியே படம் எடுத்துச் சோழவந்தானுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷம் கழித்துத் திவ்யா கூப்பிட்டாள். சோணையும் கேட்கட்டும் என்று சனோபர் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தெக்க மூணுதானாக்கா?"

"மூணுதான்."

"அஞ்சு இடத்துலயும் எட்டுன்னு எழுதியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள் திவ்யா. "மாமாகிட்டச் சொல்லுங்க. சாயங்கால பஸ்ஸுக்கு வாரேன்."